சமாளித்த கூட்டமும் சமாளிக்கத் தேவையில்லாத கூட்டமும்

கேள்வி: நான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாக நிர்வாக உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வருடாந்த ஊழியர் ஒன்றுகூடலை இரண்டு தடவை நானே ஒழுங்கு செய்தேன். இம்முறை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் 220 பேர். காலையில் மடிக்கணினிக்கும் திரைக்குமான கம்பி பொருந்தவில்லை. முச்சக்கரவண்டியில் ஆளனுப்பி, பம்பலப்பிட்டியில் இணைப்பான் வாங்குவித்துச் சமாளித்தேன். பிரதம விருந்தினர் 40 நிமிடம் பிந்தினார். நடனத்தை முன்னுக்குப் போட்டுச் சமாளித்தேன். மரக்கறிச் சாப்பாடு பாதியில் முடிந்தது. குசினி வாசலில் நின்று மேலதிகமாகச் செய்வித்துச் சமாளித்தேன். பணிப்பாளர் ஆலோசனை கேட்டபோது ஊழியர்கள் கூச்சத்தால் பேசவில்லை என்பதும், பில் சொன்னதைவிட மூன்றரை லட்சம் ரூபாவுக்கு மேல் கூடி வந்ததும்தான் குறை. எல்லாரும் பாராட்டினார்கள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்ய விரும்புகிறேன். என்னென்ன அறிவும் திறமையும் வேண்டும்? சான்றிதழ் கட்டாயமா? என் ஆங்கிலம் சுமார்தான். அம்மாவோ, "தறப்பாள் கட்டுற வேலைக்கா உன்னைப் படிக்க வைச்சனான்" என்கிறார். வரும் நவம்பரில் எங்கள் முகவர்களுக்கான மாலைநேரக் கூட்டத்தை ஹோட்டல் மேல்தளத்தில் திறந்தவெளியில் நடத்தும் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது.

— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தில் 'சமாளித்தேன்' என்ற சொல் மூன்று தடவை வருகிறது. பதற்றப்படாமல் நின்று சமாளிக்கும் இயல்பை எந்தக் கற்கைநெறியும் கற்றுத் தராது. அது உங்களிடம் இருப்பது நல்ல செய்தி. ஆனால் நீங்கள் சமாளித்தவை எல்லாம் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி முடித்திருக்கக்கூடியவை. நிகழ்வு நாளில் வியர்க்க வியர்க்க ஓடுகிற ஒருவரைக் கண்டால் விருந்தினர் பாராட்டுவார்கள். நிகழ்வு அமைக்கும் என் தொழிலில் இருப்பவர்களோ அவருடைய ரன் ஷீட்டை, அதாவது அன்று நடக்க வேண்டியதை நிமிடவாரியாக எழுதிய தாளை, கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். என்னென்ன அறிவு வேண்டும் என்ற கேள்விக்குத் தனியாக ஒரு பாடத்திட்டம் எழுதுவதைவிட, உங்களுக்கு நேர்ந்தவற்றையே ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த அறிவு இல்லாததால் நேர்ந்தது என்று சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன விடயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அன்று நடந்தவற்றுள் பெரிய தவறு அதுதான். பணிப்பாளர் ஆலோசனை கேட்டார், 220 பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அது அவர்களுடைய கூச்சம் என்கிறீர்கள். கதிரைகள் எப்படிப் போடப்பட்டிருந்தன என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. வழமைபோல மேடையை நோக்கி வரிசை வரிசையாகப் போடப்பட்டிருந்தன என்று ஊகிக்கிறேன். தொழிலில் அதனைத் தியேட்டர் முறை என்போம். அந்த முறை கேட்பதற்கு உரியது: ஒவ்வொருவருக்கும் முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும், பேச விரும்புகிறவர் எழுந்து நின்று, எல்லாருடைய தலைகளும் தன் பக்கம் திரும்ப, தன் மேலதிகாரியின் மேலதிகாரியிடம் ஒலிவாங்கியில் கருத்துச் சொல்ல வேண்டும். துணிந்தவருக்கே அது கடினம். அதே 220 பேரையும் வட்ட மேசைகளின் மேடைப்பக்கத்தை வெறுமையாக விட்டு ஆறு ஆறு பேராக அமர்த்தி, முதலில் பத்து நிமிடம் தமக்குள் பேச விட்டு, பிறகு மேசைக்கு ஒருவர் எழுந்து "எங்கள் மேசையின் கருத்து" என்று சொல்ல விட்டிருந்தால், உங்களால் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் பேச்சு வந்திருக்கும். இதை கபரே முறை என்பார்கள். பெயரைக் கேட்டு உங்கள் அம்மா பயப்பட வேண்டாம்.

இதில் பெரிய கேள்வி கதிரையைப் பற்றியது என்றும் எண்ணிவிடாதீர்கள். 220 பேரின் ஒரு நாள் வேலையை நிறுத்தி அவர்களை ஒரே கூரையின் கீழ் ஏன் கூட்டினார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கடந்த ஆண்டின் கணக்கைச் சொல்வதற்கா, புதிய கிளை ஊழியர்களும் பழையவர்களும் ஒருவரையொருவர் அறிவதற்கா, குறைகளைக் கேட்பதற்கா, வெறுமனே நல்ல சாப்பாடு போட்டு நன்றி சொல்வதற்கா? இவை ஒவ்வொன்றுக்கும் மண்டபம் வேறு, கதிரை அமைப்பு வேறு, நேர ஒதுக்கீடு வேறு, செலவு எங்கே போக வேண்டும் என்பதும் வேறு. பணிப்பாளரிடம் முதல் நாளே, "கூட்டம் முடிந்து வெளியே போகும்போது ஊழியர் என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன செய்ய முடிவெடுத்திருக்க வேண்டும்?" என்று கேட்டு, அவர் தரும் பதிலை இரண்டு வசனங்களில் எழுதி, மின்னஞ்சலில் அவருக்கே அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் திறமை. பெரும்பாலான முதலாளிமார் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சற்று எரிச்சலடைவார்கள். பரவாயில்லை, அந்த எரிச்சலில்தான் உண்மையான பதில் வரும்.

மேசைகள் போட்டால் மண்டபம் போதாது என்று ஹோட்டல்காரர் சொல்லியிருப்பார், அதுவும் உண்மையாகவே இருக்கும். தியேட்டர் முறையில் ஓர் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் இடம் போதும். வட்ட மேசை போட்டால் அதைவிட அரைமடங்காவது கூட வேண்டும். ஆறடி விட்டமுள்ள மேசையில் விருந்துக்குப் பத்துப்பேர் இருக்கலாம், மேடையைப் பார்க்க வேண்டுமானால் ஆறு அல்லது ஏழு பேர்தான். ஹோட்டலின் கைந்நூலில் '300 பேர்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் அறையின் கணக்கு. மேடை, திரை, ஒலி ஒளிக் கட்டுப்பாட்டு மேசை, தேநீர் மேசை, பரிமாறுபவர் நடக்கும் வழி ஆகியன அதில் இல்லை. ஆகவே மண்டபம் பார்க்கப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கள். திரையின் உயரத்தைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் இருப்பவரால் எழுத்துகளை வசதியாக வாசிக்க முடியாது என்பது ஒலி ஒளித் துறையினர் கையாளும் பழைய கணக்கு. கடைசி வரிசைக் கதிரையில் நீங்களே போய் இருந்து பார்ப்பது அதைவிட நல்ல கணக்கு.

இனிப் பில். உங்கள் விலைமனுவில் ஆளுக்கு 5,000 ரூபா என்று இருந்ததாகக் கொள்வோம். அதன் பின்னால் இரண்டு சிறிய கூட்டல் குறிகள் இருந்திருக்கும். ஹோட்டல்காரர் அதை 'பிளஸ் பிளஸ்' என்பார்கள். முதலாவது 10 வீதச் சேவைக் கட்டணம், இரண்டாவது அரச வரிகள். 5,000 ரூபாவுடன் சேவைக் கட்டணம் சேர 5,500 ஆகிறது, அதன்மேல் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி சேர 5,637 ரூபா 50 சதம்; அந்த மொத்தத்தின்மேல் 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரி சேர 6,652 ரூபா 25 சதம். 220 பேருக்குப் பெருக்கினால் வித்தியாசம் 363,495 ரூபா. உங்கள் மூன்றரை லட்சமும் ஏறத்தாழ இந்த வழியால்தான் போயிருக்கும். ஹோட்டல் உங்களை ஏமாற்றவில்லை, அந்த இரண்டு குறிகளையும் நீங்கள் வாசிக்கவில்லை. விலைமனு கேட்கும் மின்னஞ்சலிலேயே "எல்லா வரிகளும் கட்டணங்களும் உட்பட, ஓர் ஆளுக்கு இறுதியாகச் செலுத்த வேண்டிய தொகை" என்று எழுதிக் கேளுங்கள். மூன்று ஹோட்டல்களின் விலையை ஒப்பிடும்போது அவை மூன்றும் ஒரே அடிப்படையில் இருந்தாலொழிய அந்த ஒப்பீடு பயனற்றது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒப்பந்தத்தையும் பேச வேண்டும், ஏனெனில் இரண்டு கூட்டங்கள் நடத்திய பிறகும் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று எழுத்தில் உறுதி சொல்ல வேண்டிய கடைசி நாள் எது, உறுதி சொன்ன எண்ணிக்கைக்குக் குறைந்தவர்கள் வந்தாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டுமா, 60 நாள் முன்பு இரத்துச் செய்தால் எவ்வளவு, ஏழு நாள் முன்பு என்றால் எவ்வளவு, முற்பணத்தை வேறொரு திகதிக்கு மாற்றலாமா, ஒருவராலும் தடுக்க முடியாத நிகழ்வு ஏற்பட்டால் யார் எவ்வளவு நட்டத்தைத் தாங்குவது? 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி ஈஸ்டர் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகும், 2020 இல் தொற்று வந்தபோதும், 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோதும் இந்தக் கடைசி வாசகத்தை முதன்முதலாக வாசித்த நிறுவனங்கள் கொழும்பில் ஏராளம். இலங்கை நடத்த வேண்டியிருந்த ஆசியக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியே 2022 இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இடம் மாற்றப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. வெளிநாட்டுப் பேச்சாளரின் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் டொலரில் ஒப்புக்கொண்டு, பதிவுக் கட்டணத்தை ரூபாவில் வசூலித்திருந்த மாநாட்டுக் குழுக்களின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை. வரவு எந்த நாணயத்தில், செலவு எந்த நாணயத்தில் என்று பார்ப்பதும், மொத்தச் செலவில் பத்து வீதத்தையாவது எதிர்பாராச் செலவுக்கென்று தொடாமல் வைப்பதும் அன்றிலிருந்து எனக்குப் பழக்கம்.

மரக்கறிச் சாப்பாடு ஏன் முடிந்தது என்பதற்கு உங்களிடம் ஒரு விளக்கம் இருக்கும்: 40 பேர் மரக்கறி என்று சொன்னார்கள், அதைவிடக் கூடுதலானவர்கள் சாப்பிட்டார்கள் என்று. பஃபே மேசையில் அது நடந்தே தீரும். அசைவம் சாப்பிடுபவரும் கோழியை எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள கத்தரிக்காய் மோஜுவையும் பருப்பையும் எடுத்துக்கொள்வார். வரிசையில் கடைசியாக வரும் சைவருக்கு வெறும் சோறு மிஞ்சும். சைவ உணவைத் தனி மேசையில், தனிக் கரண்டிகளுடன், பெயர்ப்பலகை வைத்துப் போடச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நாளையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமையானால் நம்மவர் பலர் மச்சம் தொடமாட்டார்கள். அதே வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊழியர் ஜும்ஆவுக்குப் போக வேண்டும் என்பதால் மதிய இடைவேளையை நீட்ட வேண்டும், அவர்களுக்கு உணவு ஹலால் என்பதை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் பெற வேண்டும். பௌத்த பிக்குமாரை அழைத்திருந்தால் அவர்களுடைய தானம் நண்பகலுக்கு முன் முடிந்திருக்க வேண்டும். போயா நாளில் மதுபானம் பரிமாற முடியாது. விருந்துடன் கூடிய ஒரு வெளிநாட்டு விருந்தினர் கூட்டத்துக்குத் திகதி குறிக்கும்போது நாட்காட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கந்தசஷ்டி, நோன்பு மாதம், பரீட்சைக் காலம் எல்லாம் அதற்கடுத்து. வரிசையைப் பற்றியும் ஒரு சொல்: நான் நூறு பேருக்கு ஒரு இருபக்க வரிசை என்று எழுதிக் கொடுப்பேன். 220 பேருக்கு ஒரே மேசையைப் போட்டுவிட்டு 45 நிமிட மதிய இடைவேளை என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடிப்பது பகற்கனவு.

இணைப்பான் விடயம் சிறியது, அதை நீட்டவில்லை. முதல்நாள் மாலை, பேசப்போகிறவரின் அதே மடிக்கணினியை, அதே மண்டபத்தில், அதே கம்பியில் இணைத்துப் பார்த்திருந்தால் முச்சக்கரவண்டி போயிருக்காது. உரைகளை முன்னரே பெற்று ஒரே கணினியில் ஏற்றி வைப்பதும், ஒலி ஒத்திகைக்கு மண்டபம் எத்தனை மணிக்குக் கையில் தரப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவதும் அதன் தொடர்ச்சி. காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு முந்திய இரவு அதே மண்டபத்தில் திருமண வரவேற்பு இருந்தால் உங்களுக்கு எந்த ஒத்திகையும் கிடையாது என்பதைக் கேட்டு அறிய வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு ஆவணங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஹோட்டல்கள் ஃபங்ஷன் ஷீட் என்று சொல்வது: மண்டபம், நேரம், கதிரை அமைப்பு, உணவு, ஒலி ஒளி, விலை ஆகிய அனைத்தும் அடங்கிய அந்தத் தாளைத்தான் குசினியும் மேசை போடுபவர்களும் மின்பொறியாளரும் வாசிப்பார்கள், விற்பனைப் பிரிவு அதிகாரியிடம் நீங்கள் வாயால் சொன்ன எதுவும் அவர்களை எட்டாது, ஆகவே அந்தத் தாளில் இல்லாதது அன்று மண்டபத்திலும் இராது. மற்றது நீங்களே எழுத வேண்டிய ரன் ஷீட். நிமிடம், நிகழ்வது என்ன, பொறுப்பு யார், அவருடைய தொலைபேசி இலக்கம், அந்த வேளையில் மேடையில் எந்த ஒலிவாங்கி, எந்த விளக்கு, திரையில் எது என்று நிரல் நிரலாக எழுதி, அறிவிப்பாளர் முதல் வாகனத் தரிப்பிடக் காவலர் வரை ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது. விருந்தினருக்குக் கொடுக்கும் அழகான நிகழ்ச்சி நிரல் வேறு, இது வேறு. மின்வெட்டுக்கு யார் மின்பிறப்பாக்கியை இயக்குவார், அவசரவழிக் கதவை மேடைப் பதாகை மறைக்கிறதா, ஒருவர் மயங்கி விழுந்தால் யார் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்து, யார் வாசலில் நின்று அதை உள்ளே கூட்டி வருவார் என்பதும் அந்தத் தாளில் ஒரு மூலையில் இருக்க வேண்டும்.

பிரதம விருந்தினர் பிந்துவார். அதை விபத்தாகக் கருதாமல் தரவாகக் கருதுங்கள். அவரை நேராக அழைப்பதைவிட அவருடைய இணைப்புச் செயலாளருடனும் சாரதியுடனும் தொடர்பில் இருப்பது பயன் தரும். அமைச்சரானால் அது பாராளுமன்றம் கூடும் நாளா என்று முதலில் பாருங்கள். காலி வீதியில் பாடசாலை விடும் நேரத்தையும் அலுவலகம் விடும் நேரத்தையும் தவிருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இல்லாமலே தொடங்கக்கூடிய, ஆனால் இட்டுநிரப்பலாகத் தோன்றாத அரைமணி நேர உள்ளடக்கத்தைத் தொடக்கத்திலேயே வையுங்கள். நடனத்தை முன்னுக்குப் போட்டது சமயோசிதம்தான். ஆனால் நடனப் பிள்ளைகள் ஒப்பனை முடிக்காமல் மேடையேறியிருந்தால் அவர்களுடைய ஆசிரியை உங்களை இன்னும் மன்னித்திருக்க மாட்டார். நம் கூட்டங்களில் மங்கள விளக்கேற்றலும் ஒரு தொழில்நுட்ப வேலை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. திரியை எண்ணெயில் ஊறவிட்டு முன்னதாகவே ஒருமுறை எரித்து அணைத்து வைத்தால் உடனே பற்றும். குளிரூட்டியின் காற்று நேரே படாத இடத்தில் விளக்கை நிறுத்த வேண்டும். புகை உணரி எங்கே என்று ஹோட்டல் பொறியியல் பிரிவிடம் கேட்க வேண்டும். யார் எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்பதை முன்னரே அவரவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். இவற்றைச் செய்யாவிட்டால் ஐந்து முக்கியஸ்தர்கள் ஐந்து திரிகளுடன் பன்னிரண்டு நிமிடம் போராடுவதை 220 பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் ஆங்கிலம் சுமார் என்பதற்கு வருகிறேன். ஒப்பந்தத்தை வாசித்து விளங்கிக்கொள்ளவும், தெளிவாக மின்னஞ்சல் எழுதவும் போதிய ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். அதை மெருகேற்றுங்கள், ஆனால் மேடையில் பேசும் ஆங்கிலம் உங்களுக்குத் தேவையில்லை. அதைவிட அவசரமானது சிங்களம். மேசை போடுபவர், ஒலி அமைப்பாளர், பொருட்கள் இறக்கும் வாசலின் காவலர் ஆகியோரிடம் இரவு பதினொரு மணிக்கு ஒரு வேலையை மாற்றிச் செய்யச் சொல்லக்கூடிய சிங்களம் இல்லாமல் கொழும்பில் இந்தத் தொழில் செய்ய முடியாது. ஆனால் இந்த நகரத்தில் எளிதில் கிடைக்காத திறமை உங்கள் கையில் இருக்கிறது, தமிழ். 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் ஆட்சிமொழியானது. அரச கூட்டங்களுக்கும் சர்வதேச நிறுவனங்களின் மாநாடுகளுக்கும் மும்மொழிப் பதாகையும் மும்மொழி ஆவணமும் கேட்கிறார்கள், ஆனால் தமிழைச் சரிபார்க்க ஆளில்லாமல் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் யாரோ ஒரு சாரதியிடம் காட்டுகிறார்கள்.

என் தொடக்க காலத்தில் ஒரு கருத்தரங்குக்கு இருபதடி அகலப் பதாகை அடித்தோம். நான் கொடுத்த தமிழ் வாசகம் சரியாகவே இருந்தது. வடிவமைப்பு மென்பொருள் தமிழைச் சரியாகக் கையாளாததால் ஒற்றைக்கொம்புகள் எல்லாம் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றன. வடிவமைத்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது, நானும் அச்சுக்குப் போகும் இறுதிப் பிரதியைப் பார்க்கவில்லை. காலையில் மண்டபத்துக்குள் நுழைந்த தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பதாகையை நெடுநேரம் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அனுப்பிய கோப்பைச் சரிபார்ப்பதில்லை, அச்சகத்திலிருந்து திரும்பி வரும் கோப்பைத்தான் சரிபார்க்கிறேன். எழுத்துகளை வடிவங்களாக மாற்றிய பின்னரே அச்சிடச் சொல்கிறேன். உரைபெயர்ப்பும் இப்படித்தான். காதில் கருவி மாட்டிக் கேட்கும் உடனடி உரைபெயர்ப்புக்கு ஒரு மொழிக்கு இருவர் வேண்டும், ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்ள வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று தமிழுக்கு மட்டும் ஒருவரை மூன்று மணி நேரம் அடைத்துவைக்கும் அமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்துக் கேட்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். உங்கள் ஒன்றுகூடலில் பணிப்பாளர் எந்த மொழியில் ஆலோசனை கேட்டார் என்பதையும் ஒருதடவை யோசித்துப் பாருங்கள்.

சான்றிதழ் கட்டாயமில்லை, இலங்கையில் இந்தத் தொழிலை அனுமதிப்பத்திரம் பெற்றுத்தான் செய்ய வேண்டும் என்றில்லை. உலக அளவில் மதிப்புள்ளது நிகழ்வுத் தொழில்துறைப் பேரவை 1985 முதல் நடத்திவரும் சீ.எம்.பி. தேர்வு, அதாவது கூட்ட அமைப்பாளர்களுக்கான தகைமைத் தேர்வு. ஆனால் அதற்கு விண்ணப்பிக்கவே பொதுவாக மூன்று ஆண்டு முழுநேரத் தொழில் அனுபவம் கேட்பார்கள். ஆகவே அது உங்களுக்கு வாசற்கதவாக இராது, இரண்டாம் மாடியாக இருக்கலாம். அந்தத் தேர்வுக்கு இன்று போக முடியாவிட்டாலும் இத்துறையினர் வகுத்துள்ள தகைமைப் பட்டியல்களை எடுத்து வாசியுங்கள். அவற்றுள் எம்பெக்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்று இந்தத் தொழிலைப் 12 பிரிவுகளாகவும் 33 திறன்களாகவும் பகுக்கிறது: உத்தித் திட்டமிடல், செயற்றிட்ட முகாமைத்துவம், இடர் முகாமைத்துவம், நிதி, ஆளணி, சந்தைப்படுத்தல், தொழில் நெறி என்று அது போகிறது. தறப்பாளும் பூ அலங்காரமும் அதில் ஒரே ஒரு பிரிவின் ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லி அம்மாவுக்கு விளக்குங்கள். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு பௌத்தாலோக மாவத்தையில் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் திறக்கப்பட்டிருந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடந்தபோது, அத்தனை நாட்டுத் தலைவர்களின் வருகை, இருக்கை, மொழி, உணவு, பாதுகாப்பு எல்லாவற்றையும் யாரோ சிலர் தாளில் எழுதித்தான் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் தலைமுறைக்கு அது ஞாபகமிருக்கும்.

பெருந்தொகை கட்டி நீண்ட டிப்ளோமாவில் சேருவதற்கு முன், அதில் கற்பிப்பவர்கள் கடைசியாக எந்த ஆண்டில் ஒரு நிகழ்வை நடத்தினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அடிப்படைக் கணக்கியலுக்கும் ஒப்பந்தச் சட்டத்துக்குமான குறுங்கால வகுப்புகளுக்குச் செலவிடுவது உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். வேலையை இப்போது விடாதீர்கள். தொழில்முறை மாநாட்டு, கண்காட்சி அமைப்பாளர்களுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது, இலங்கை மாநாட்டுப் பணியகமும் இருக்கிறது. அவர்கள் மூலம் அமைப்பாளர் நிறுவனங்களை அறிந்துகொண்டு, வார இறுதி மாநாடுகளில் பதிவு மேசையில் நிற்கக் கேளுங்கள். காலை எட்டரை மணிக்கு 300 பேர் ஒரே நேரத்தில் வந்து தம் பெயர் அட்டையைக் கேட்கும்போது, அட்டைகளை எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்க வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். நம் பெயர்களில் தந்தை பெயர் எது, தன் பெயர் எது என்று தெரியாமல் கடைசிப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் என்ன ஆகும் என்பதும்.

கடைசியாக நவம்பர் மாதக் கூட்டம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் கொழும்பில் பின்னேரம் இடிமுழக்கத்துடன் மழை பெய்வது வழமை. மேல்தளத்தில் திறந்தவெளியில் முகவர்களை இருத்த உங்கள் பணிப்பாளர் ஆசைப்பட்டால் அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் அதே திகதிக்கு உள்ளே ஒரு மண்டபத்தையும் பிடித்து வைக்க எவ்வளவு கேட்பார்கள் என்று ஹோட்டலிடம் இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். மேல்தளத்திலிருந்து உள்ளே மாற்ற அவர்களுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதைக் கேட்டு, நிகழ்வு தொடங்கும் நேரத்திலிருந்து அதைப் பின்னோக்கிக் கழித்து, அன்று பிற்பகல் எத்தனை மணிக்கு, யார், எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதை ரன் ஷீட்டின் முதல் வரியாக எழுதுங்கள். அந்த நேரம் வந்ததும் வானம் தெளிந்திருக்கிறது, இன்னும் அரைமணி பார்ப்போம் என்று யாராவது சொல்வார்கள். அது பெரும்பாலும் உங்கள் பணிப்பாளராகவே இருக்கும் என்பதால், அவருடைய கையொப்பத்தை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்குப் பொலிஸ் அனுமதியை ஹோட்டல் எடுக்கிறதா, நீங்கள் எடுக்க வேண்டுமா என்பதையும், அந்த மாத போயா எந்த நாளில் வருகிறது என்பதையும் அதே மின்னஞ்சலில் தீர்த்துக்கொள்ளலாம்.